குளக்கரை நடைபாதையும் எங்கள் வீட்டுச் சாக்கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை மாநகரை அடுத்துள்ள நொய்யல் ஆற்றுக் குளங்களில் ஒன்றின் கரையில் நடைபாதை, அலங்கார விளக்குகள், படகுத்துறை ஆகியவற்றை அமைத்துத் தர வேண்டும் என்று குடியிருப்போர் மனு கொடுத்த செய்தியைத் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அண்மையில் வெளியிட்டிருந்தீர்கள். அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். கையெழுத்திட்ட அன்று எனக்கு அது சரியாகவே பட்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து எங்கள் தெருவில் ஒரு பள்ளம் தோண்டினார்கள். அதில் கண்டதைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் அச்சில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை இன்னும் ஐம்பது கார்கள் கரையில் வந்து நிற்கும் என்பது ஒரு காரணம். நான் சொல்லப்போவது நொய்யலின் பெரும்பாலான குளக்கரைக் குடியிருப்புகளுக்கும் பொருந்தும் என்பது மற்றொரு காரணம்.

நான் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுவதும் பேருந்துச் சாலையை ஒட்டிய வாடகை வீட்டிலேயே குடியிருந்ததால், ஓசையில்லாத இடத்தில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் ஆசை. 11 ஆண்டுகளுக்கு முன், குளத்தின் வடபுறம் சோளக்காடாக இருந்த மேட்டு நிலத்தை சைட் போட்டு விற்றபோது, கையில் இருந்த பணத்தையெல்லாம் திரட்டி 5 சென்ட் வாங்கினோம். மொட்டை மாடியில் நின்றால் தெற்கே குளம் முழுவதும் விரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் வரி வரியாகத் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று குளத்தைக் கடந்து வீட்டுக்குள் நுழையும்போது, கொடியில் காயும் துணி பறந்துபோகாமல் இருக்க இரண்டு கிளிப் போட வேண்டியிருக்கும். அதிகாலையில் நாமக்கோழிகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடும் சத்தத்தையும், எங்கோ ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தத்தையும் தவிர வேறெதுவும் கேட்காது. இந்த அமைதிக்காகத்தான் வந்தோம் என்பதையும், இன்றும் பெரும்பாலான நாட்களில் அது எங்களுக்குக் கிடைத்துவருகிறது என்பதையும் முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் குளம் நாங்கள் பார்த்து மகிழ்வதற்காக வெட்டப்பட்டதன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும், மலைமறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில், பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி என்று போற்றும் நொய்யலின் வெள்ளத்தை அணைக்கட்டுகளில் தடுத்து, வாய்க்கால்களில் திருப்பி, குளம் குளமாக நிரப்பி, மிஞ்சியதை அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ அனுப்பும் ஒரு தொடர் ஏற்பாட்டில் எங்கள் குளம் ஒரு கண்ணி. மேற்கே சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தொடங்கிக் கிழக்கே சூலூரையும் தாண்டிச் செல்லும் அந்தத் தொடரில் ஏதோ ஓரிடத்தில் வாய்க்கால் அடைபட்டாலும் அதற்குக் கீழே உள்ள ஊர்களின் கிணறுகள் அதை உணரும். எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் நிற்பதும் குளத்தில் தண்ணீர் நிற்பதால்தான். குளம் வறண்டு கிடந்த ஒரு கோடையில் எங்கள் வீட்டு மோட்டார் காற்றை மட்டுமே இறைத்ததை நான் மறக்கவில்லை.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன். சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசற்படி வரை ஏறியது. அடைப்பை எடுக்க ஜேசிபி இயந்திரம் வந்து வடிகாலின் ஓரத்தைத் தோண்டியபோது, நாங்கள் ஏழெட்டுப் பேர் குடையுடன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். தோண்டத் தோண்டச் சாம்பல் நிறத்தில் நான்கு அங்குல பிவிசி குழாய்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. வீட்டுக்கு ஒரு குழாய். எல்லாம் செப்டிக் டேங்கிலிருந்து நேராக மழைநீர் வடிகாலுக்குள் விடப்பட்டவை. இடதுபக்கம் மூன்றாவது குழாய் என்னுடையது. அதன் வாயிலிருந்து கறுப்பாக ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய குழாயைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வீடு கட்டியபோது மேஸ்திரி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "உறிஞ்சுகுழி எடுத்து ஒண்ணும் பிரயோசனம் இல்லீங்க. இது கரிசல் மண்ணு, தண்ணி எறங்காது. ரெண்டே மாசத்துல நெறஞ்சு வெளிய வந்துரும். பேசாம டிரெய்னேஜுல விட்ரலாமுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் அவர். கரிசலில் தண்ணீர் எளிதில் இறங்காது என்பது உண்மையே. அவர் பொய் சொல்லவில்லை. "டிரெய்னேஜ்" என்று அவர் குறிப்பிட்டது மழைநீருக்காக வெட்டிய வடிகாலை என்பதையும், அந்த வடிகால் முந்நூறு அடி தள்ளிக் குளத்துக்கு வரும் வாய்க்காலில் சேர்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. 32 ஆண்டுகள் பற்று வரவு எழுதியவனுக்கு, தன் வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்று 11 ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்தது வெட்கத்துக்குரியதே.

அன்றிரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நகரக் குடிநீர்த் திட்டங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 432 லிட்டர். எங்கள் சைட்டுகளில் இப்போது 180 வீடுகள் இருக்கின்றன. அப்படியானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 78,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஆறு லாரிக்கும் மேலான கழிவுநீரை நாங்கள் குளத்துக்கு அனுப்புகிறோம். யாராவது ஒருவர் இரவோடு இரவாக ஒரு கழிவுநீர் லாரியைக் கொண்டுவந்து கரையில் திறந்துவிட்டால் நாங்கள் கூட்டம் சேர்த்து மறித்திருப்போம். ஒருமுறை அப்படி மறித்தும் இருக்கிறோம். வண்டி எண்ணைப் படம் பிடித்துக் காவல் நிலையம் வரை போனோம். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதை இப்போது எழுதும்போது சிரிப்புத்தான் வருகிறது.

இதன் விளைவை ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம், காரணத்தை மட்டும் வேறெங்கோ தேடிவந்திருக்கிறோம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, கழிவுநீரின் சத்தை உண்டு, வெயில் ஏறும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடிய செடி. இயந்திரம் வைத்து அதை அள்ளிக் கரையில் குவிக்கிறார்கள். நாங்கள் கைதட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த பொங்கலுக்குள் குளம் மறுபடியும் பச்சைப் பாய் விரித்துவிடுகிறது. உணவு போடுவதை நிறுத்தாமல் இலையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் பந்தி எப்படி முடியும்? சித்திரை, வைகாசியில் விடியற்காலை வாய்க்கால் குளத்தில் சேரும் மூலைக்குப் போனால், ஜிலேபி மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பகலில் பாசியும் செடியும் வெளிவிடும் உயிர்வளி (ஆக்சிஜன்) இரவில் நின்றுபோக, கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருப்பதையும் தின்று தீர்க்க, விடியும் நேரத்தில் தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைந்துபோகிறது. வெயில் ஏறும்போது ஓரத்தில் வெள்ளை வயிறு தெரிய மிதப்பவை அந்த மீன்கள்தாம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று எங்கள் குடியிருப்பில் ஆண்டுக்கொருமுறை வதந்தி கிளம்பும்.

கரைக்குக் கீழே, கிழக்கே, குளத்துப் பாசன நிலமான ஆயக்கட்டில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னோடு கரையில் உட்கார்ந்து பேசுவது உண்டு. மனுவில் அவரிடமும் கையெழுத்து வாங்கலாம் என்று போயிருந்தேன். "மதகத் தொறந்து வருசம் எட்டாச்சுங்க தம்பி. குளத்துல தண்ணி நிக்குதுங்க, நான் இல்லேங்கல. அந்தத் தண்ணியில எறங்கி நாத்து நட்டா காலெல்லாம் அரிப்பெடுக்குதுங்க. நடறதுக்கு ஆளுக வரமாட்டீங்கறாங்க" என்றார். பிறகு மனுவை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "படகு உடறதுன்னு எழுதியிருக்குதுங்களே, அந்தத் தண்ணியிலீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

நடைபாதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மனுவில் "குளத்தைச் சுற்றிலும்" நடைபாதை என்று கேட்டிருக்கிறோம். கரை என்பது குளத்துக்குத் தாழ்வான பக்கத்தில் மட்டும் உள்ளது என்பதை அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மேட்டுப் பக்கம் கரையே கிடையாது. அங்கே நிலம் மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் அந்தச் சரிவில் ஏறி அகலும், கோடையில் பின்வாங்கும். அந்தச் சரிவு வழியாகத்தான் ஓடைகளும் வாய்க்காலும் குளத்துக்குள் வருகின்றன. அங்கே மண் கொட்டி உயர்த்தி நடைபாதை போட்டால், தண்ணீர் வரும் பக்கத்துக்கும் புதிதாக ஒரு கரை எழுப்பியதாக ஆகும். குளம் ஏக்கர் கணக்கில் சுருங்கும். வழி மறிக்கப்பட்ட மழைநீர் எங்கள் தெருக்களில் நிற்கும். சென்ற மழையில் கடைசி வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, குளத்தின் உபரிநீர் வழியும் கலிங்கை உடைத்து நீரை வெளியேற்றச் சொல்லிச் சிலர் சத்தம் போட்டார்கள். ஆழமற்ற அந்தச் சரிவில்தான் முன்பெல்லாம் தண்ணீர் நின்றது என்பதையும், அதையொட்டியே எங்கள் கடைசி வரிசை சைட்டுகள் அளக்கப்பட்டன என்பதையும் அந்தப் பெரியவர் எனக்குப் பிறகு நடந்துபோய்க் காட்டினார். பட்டா, வரைபடம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. தண்ணீர் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை.

அந்த ஆழமற்ற ஓரம் பறவைகளுக்கும் வேண்டியது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் நடுக்குளத்தில் மீன் பிடிக்கும். ஆனால் நாரைகளும் கொக்குகளும் உள்ளான்களும் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் சேற்றிலும்தான் இரை தேடும். சேற்றை எடுத்துவிட்டுக் கல் பதித்தால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. மாநகருக்குள் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் ஆகியவற்றின் கரைகளில் சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நடைபாதைகளும் விளக்குகளும் அமைந்திருப்பதை எங்கள் மனுவில் முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறோம். அங்கே மாலையில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன்; கால் வைத்து நடக்க வேறிடமில்லாத நெரிசலில் வாழ்பவர்களுக்கு அது பெரிய வரம், என் பேரனுக்கும் வாலாங்குளம் போவது பிடிக்கும். நெரிசல் வேண்டாம் என்று அங்கிருந்து கிளம்பி வந்த நாங்கள் அதே விளக்குகளை இங்கேயும் கேட்பதுதான் எனக்கு இப்போது விளங்கவில்லை. முன்மாதிரி வேண்டுமென்றால் திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயத் தொழிலால் நொய்யல் பட்ட பாட்டை நாடே அறிந்த ஓர் ஊரின் ஓரத்தில், நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகக் காக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் மாதத்தில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் அங்கே வந்து தங்கிப் போகின்றன. அவற்றை வரவழைத்தது படகுத்துறை அன்று.

இரவு நேர இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்குப் பின் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இப்போதே சனிக்கிழமை இரவுகளில் கரையில் வண்டிகளை நிறுத்திப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். காலையில் நாங்கள் பொறுக்கும் உடைந்த பாட்டில்கள் அதன் மிச்சம். விளக்கு போட்டால் இது நள்ளிரவு வரை நீளும். கல்யாண ஜோடிகளைப் படமெடுக்க டிரோனைப் பறக்கவிட்டுக் கூழைக்கடாக் கூட்டத்தைக் கலைப்பவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

பள்ளம் தோண்டிய மறுவாரம் என் வீட்டுக் குழாயின் வாயை அடைத்துவிட்டேன். குளிக்கும் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் தனியாகப் பிரித்து, பின்புறம் ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு பாத்தியில் விட்டு, கல்வாழையும் நான்கு வாழைக் கன்றுகளும் வைத்திருக்கிறோம். கழிவறைத் தண்ணீர் மட்டும் செப்டிக் டேங்கில் சேர்கிறது. இப்போது அதற்கு வெளியே போக வழியில்லாததால், இருவர் மட்டுமே உள்ள எங்கள் வீட்டுக்கே ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரியை அழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நடைக்கு 1,500 ரூபாய் ஆகிறது. ஐந்தாறு பேர் உள்ள வீடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்பதை அறிவேன். எங்கள் தெருவில் இதுவரை என்னையும் சேர்த்து மூன்று வீடுகள்தான் குழாயை அடைத்திருக்கின்றன. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே வீடு வீடாகச் செய்வதைவிட, சைட் போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி, இன்று சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தின் ஒரு மூலையில், 180 வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதே நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். சுத்திகரித்த தண்ணீரை அந்தப் பூங்காவுக்கும் தெருவோர மரங்களுக்கும் பாய்ச்சலாம். அதற்கான செலவில் ஒரு பங்கை நாங்கள் தர வேண்டும். நடைபாதைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் தரத் தயார் என்று மனுவிலேயே எழுதியிருக்கிறோம். அதே பணத்தை இதற்குத் தரலாம். குளம் ஒரு துறையின் பொறுப்பிலும் தெரு வேறொரு அமைப்பின் பொறுப்பிலும் இருப்பதால், இந்த யோசனையை யாரிடம் கொடுப்பது என்பதற்கே நான் மூன்று அலுவலகங்களுக்கு நடந்தேன். மூன்றிலும் மரியாதையாக உட்காரவைத்து அடுத்த அலுவலகத்தின் முகவரியைச் சொன்னார்கள். எனவே வரும் அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப்போகிறேன். சென்ற கிராம சபைக்கு எங்கள் 180 வீடுகளிலிருந்து போனவர்கள் நான்கு பேர்.

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில், காளிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து பவானியின் உபரிநீரை நீரேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். 60 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊர்க்காரர்கள் கேட்டுப் போராடிப் பெற்ற தண்ணீர் அது. அன்னூர்ப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போய்வரும்போது, புதிதாகத் தண்ணீர் நிற்கும் ஒரு குட்டையின் எதிரிலேயே "ஏரி பார்த்த மனைகள்" என்ற பலகையைக் கண்டேன். 11 ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீட்டிய துண்டறிக்கையிலும் இதே சொற்கள்தாம் இருந்தன. அங்கே வீடு கட்டப்போகிறவர்கள் தங்கள் மேஸ்திரியிடம் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனுவிலிருந்து என் கையெழுத்தை நீக்கக் கோரி, அதை முன்னின்று நடத்திய நண்பர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் சிலர் இப்போது என்னோடு கரையில் நடக்க வருவதில்லை. தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். செய்தியோடு வெளியிட்ட படத்தில் சூரியன் மறையும் நேரத்துக் குளம் மிக அழகாக இருந்தது. அடுத்த முறை தங்கள் புகைப்படக்காரரை மாலையில் அனுப்பாமல், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வாய்க்கால் குளத்தில் சேரும் வடமேற்கு மூலைக்கு அனுப்பிவையுங்கள். வழி காட்ட நான் டார்ச் விளக்கோடு அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
குளக்கரைக் குடியிருப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.